ஆயில் பிரஷர் முள் எதை அளக்கிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் 5 பாரில் நிற்கிறது (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 0.6 பாருக்கு இறங்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கொண்டுபோனால் மறுபடி 3 பாரைத் தொடுகிறது. "ஆயில் பம்ப் தேய்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். மாற்றிவிடவா?" என்பது அவர் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். பம்பின் மேல் பழியைப் போடுவதற்கு முன், அந்த முள் எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அடியிலுள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சி முன்னே தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. போகும் வழியில் தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடும்போது விரலில் உறைக்கிறதே, அதேதான். இன்ஜினுக்குள் அந்த விரலின் வேலையைச் செய்பவை பேரிங்குகள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.03 முதல் 0.07 மி.மீ. வரை, கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமனுக்கு, இடைவெளி இருக்கும். ஆயில் அந்த இடுக்கு வழியாகக் கசிந்து சம்ப்புக்குத் திரும்பியாக வேண்டும். அந்தக் கசிவு எவ்வளவு சிரமப்பட்டு நடக்கிறது என்பதைத்தான் முள் காட்டுகிறது. ஓமின் விதி நினைவிருந்தால், பம்பை மின்னோட்டம் என்றும் பேரிங்குகளை மின்தடை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முள் காட்டுவது வோல்ட்டேஜ்.

அப்படியானால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வந்து அறையும் பிஸ்டனின் விசையை இந்த 3, 4 பார் அழுத்தமா தாங்குகிறது? இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1880களில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கம் உராய்வைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்து, பொசாம் டவர் என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தது. ரயில் பெட்டியின் அச்சைப் போல 4 அங்குல விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட். அதன் தலையில் தொப்பி போலக் கவிழ்ந்த ஒரு பித்தளை பேரிங். மேலே பெரும் எடை. ஷாஃப்டின் அடிப்பகுதி ஆயில் தொட்டியில் நனைந்துகொண்டு சுழன்றது. ஆயில் விடுவதற்காக டவர் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க்கை வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்து விழுந்தது. மரக்கட்டையை அடித்து இறக்கினார். அதையும் ஆயில் வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் துளையில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தினார். பேரிங் மீதிருந்த எடையைப் பரப்பளவால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான் வரும். கேஜ் முள்ளோ 200ஐயும் தாண்டியது. அங்கே பம்ப் எதுவும் கிடையாது!

1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் இதற்குக் கணிதம் எழுதினார். படம் எளிமையானது. ஷாஃப்ட் பேரிங்கின் நடுமையத்தில் நிற்பதில்லை, சுமையால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் இடைவெளி வட்ட வளையமாக இல்லாமல் பிறை நிலா வடிவில், ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒடுங்கியும் அமைகிறது. ஆயில் ஷாஃப்டின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் திரவம். ஷாஃப்ட் சுழலும்போது அகலமான பக்கத்திலிருந்து ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஒடுங்கும் பக்கத்துக்குள் நுழைகிறது. 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 7000 சுற்றில் ஓடினால் அதன் பரப்பு வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் நகரும். மணிக்கு 66 கி.மீ. அந்த வேகத்தில் ஆயில் ஒரு குறுகும் ஆப்புக்குள் திணிக்கப்படுகிறது. திரவம் அழுந்திக் குறுகாது, பக்கவாட்டில் ஓடித் தப்பிக்க நேரமும் இல்லை. அழுத்தம் எகிறுகிறது. கார் இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் இந்த ஆப்பு அழுத்தம் பல நூறு பார் வரை போகும். ஒரு சில மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலத்தின் மேல் ஷாஃப்ட் மிதக்கிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குவதும் இதே வித்தைதான். சாலையில் ஆபத்தாக வருவது பேரிங்கில் உயிர் காக்கிறது.

ஷாஃப்ட் தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே சுழன்று உண்டாக்கிக்கொள்கிறது. இதை முதன்முதலில் படித்த நாளிலிருந்து ஓடுகிற எந்த இன்ஜினையும் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அச்சும் எண்ணெயும் உரசுவதைப் பற்றிய ஆராய்ச்சி யாருடைய கண்ணையும் கவர்வதில்லை. 1966இல் பீட்டர் ஜோஸ்ட் குழுவின் அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் பிரிட்டன் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான், ட்ரைபாலஜி என்ற பெயரே இந்தத் துறைக்குக் கிடைத்தது. ஆராய்ச்சிப் பணத்தைப் பகிர்ந்தளிப்பவர்கள் இப்படிப்பட்ட பளபளப்பில்லாத அளவீடுகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தாங்குவது ஆப்பு என்றால் பம்பின் அழுத்தம் எதற்கு? ஆப்பிலிருந்து ஆயில் ஓரங்கள் வழியாக விடாமல் கசிகிறது, சூட்டையும் அள்ளிக்கொண்டு போகிறது. கசிந்த அளவு புது ஆயில் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். வேகமான இன்ஜினில் இன்னொரு சங்கடமும் உண்டு. கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் கிராங்க் ஷாஃப்டுக்குள் துளைத்த பாதை வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதை ஷாஃப்டின் மையத்தைத் தொட்டுப் போகும் வடிவமைப்புகளில், ஆயில் மையவிலக்கு விசையை எதிர்த்து வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். 60 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டுக்கு 7000 சுற்றில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மையத்தை எட்டவே சுமார் 2 பார் செலவாகிவிடும். பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் வேண்டும் என்று சொல்லிவரும் பழைய கைக்கணக்கைப் புரிந்துகொள்ள இது உதவும். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும், அதுதான் தீர்ப்பு.

இனி நோய் நாடல். முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அடுத்து, முள்ளை நம்பாதீர்கள். அமெரிக்காவில் விற்ற மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் 1995 மாடலிலிருந்து, அழுத்தம் ஒரு குறைந்த அளவைத் தாண்டியதும் நடுவில் போய் நின்றுகொள்ளும் முள்ளைத்தான் வைத்தார்கள். எச்சரிக்கை விளக்கோ பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் எரியும். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி அளப்பது ஒரு மணி நேர வேலை. கெட்டுப்போன சென்சாரை நம்பி நல்ல இன்ஜினைப் பிரித்த கதைகள் ஏராளம்.

அளக்கும்போது ஆயில் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் சூடேறிய பிறகும் ஆயில் சூடேற இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் 60, 70 சென்டிஸ்டோக் என்றால் 100 டிகிரியில் 10, 12தான். ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் நம் வாசகரின் காலை நேர 5 பார் எதையும் நிரூபிக்கவில்லை. குளிர்ந்த ஆயில், தேய்ந்த பேரிங்கையும் நல்ல பேரிங்காகக் காட்டிவிடும்.

அப்புறம் முள்ளின் நடத்தையைக் கவனியுங்கள். சுற்றை ஏற்றினாலும் அழுத்தம் ஒரே தாழ்ந்த அளவில் தேங்கி நின்றால், அதிக அழுத்தத்தில் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வு ஏதோ உலோகத் துகள் சிக்கித் திறந்தபடியே இருக்கலாம். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, நன்றாக இருந்து வேகம் கூடக்கூட விழுந்தால் உறிஞ்சும் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். சம்ப்பிலிருந்து பம்புக்கு ஆயிலை ஏற்றுவது வெறும் வளிமண்டல அழுத்தம்தான், மொத்தமே 1 பார். உறிஞ்சு வலையில் கசடோ, யாரோ தாராளமாகப் பூசிய சீலண்ட்டின் துணுக்கோ அடைத்துக்கொண்டால் பம்ப் பட்டினி கிடக்கும். முள் நடுங்கினால் காற்று கலந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 இன்ஜின்களில், உறிஞ்சு குழாயும் பம்பும் சேரும் இடத்திலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கிள்ளுப்பட்டு இப்படிக் காற்றை இழுப்பது பிரபலமான கோளாறு. அதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: தற்காலிகமாக ஒரு லிட்டருக்கு மேல் கூடுதல் ஆயில் ஊற்றி ஐட்லிங்கில் மட்டும் ஓட விடுவார்கள். மட்டம் உயர்ந்து அந்த மூட்டு மூழ்கியதும் ஓட்டை காற்றுக்குப் பதில் ஆயிலை உறிஞ்சும், அழுத்தம் சீராகிவிடும். ஓ-ரிங் மாட்டிக்கொண்டது! கூடுதல் ஆயிலை உடனே வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிராங்க் அதை நுரையாக அடித்துவிடும்.

நம் வாசகரின் முள் இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை. சூட்டில், ஐட்லிங்கில் மட்டும் தாழ்ந்து, சுற்றோடு சேர்ந்து ஏறுகிறது. வால்வும் உறிஞ்சு பக்கமும் பெரும்பாலும் தப்பித்தன. மிச்சம் இருப்பவை நீர்த்துப்போன ஆயில், எங்கோ ஒரு உள் கசிவு, தேய்ந்த பேரிங். பம்ப் தேய்ந்தாலும் இதே கோலம்தான் வரும். ஆனால் பம்ப் எப்போதும் ஆயிலில் ஊறிக் கிடக்கும் பொருள், எளிதில் தேயாது. அது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் இன்ஜினில் உதிரும் உலோகம் முதலில் பம்பைத்தான் கீறும். கீறல் விழுந்த பம்பைப் பார்த்தால், அந்த உலோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலில் எரிபொருள் கலந்து நீர்த்திருக்கிறது. சந்தேகமே இல்லாமல் கையேடு சொல்லும் தரத்தில் புது ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி அளங்கள். விற்பவர் கெட்டி ஆயிலை ஊற்றி முள்ளைத் தூக்கி வைத்திருந்தாலும் அப்போது குட்டு வெளிப்படும். "கெட்டி ஆயில் ஊற்றினால் இன்ஜின் குணமாகிவிடும்" என்பது பட்டறைகளில் வேரூன்றிய மூடநம்பிக்கை. இடுக்கு வழியாகக் கசியும் அளவு இடைவெளியின் கன மடங்கில் ஏறும். இடைவெளி ஒன்றரை மடங்கானால் கசிவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். கெட்டி ஆயில் அந்தக் கசிவை மந்தப்படுத்தி முள்ளை ஏற்றும். தேய்ந்த உலோகம் தேய்ந்தபடியேதான் இருக்கும். ரிலீஃப் வால்வுக்கு விறைப்பான ஸ்ப்ரிங் போடுவதும் வீண். அது உச்சவரம்பை மாற்றுமே தவிர ஐட்லிங்கில் ஒன்றும் செய்யாது.

உள் கசிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு, நிசான் 370இசட் காரின் விக்யூ37 இன்ஜின். அதில் ஆயில் பாதையை மூடும் காகித கேஸ்கெட் கிழிந்து அழுத்தம் குறைவது தெரிந்த விஷயம்; பின்னால் உலோக கேஸ்கெட் வந்தது. பேரிங் புதிதாக இருந்தாலும் முள் இறங்கும். அதனால் உங்கள் இன்ஜினுக்கென்று தெரிந்த பலவீனம் உண்டா என்று விசாரிக்காமல் பிரிக்காதீர்கள்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஃபில்டர் வெட்டும் கருவியால் டப்பாவைத் திறந்து (ரம்பத்தால் அறுத்தால் அதன் துகளே உள்ளே விழும்) மடிப்புக் காகிதத்தை எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, விரித்து வெயிலில் காட்டுங்கள். மினுக்கும் துகள்கள் மீது காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டியவை இரும்பு. ஒட்டாமல் வெள்ளிச் செதிலாகக் கிடப்பவை பேரிங்கின் மேல்பூச்சாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் கவலைப்பட வேண்டும். பல பேரிங்குகளில் எஃகு முதுகு, அதன் மேல் செம்புக் கலவை, அதற்கும் மேல் சுமார் 20 மைக்ரான் மென்பூச்சு என்று அடுக்கியிருப்பார்கள். செம்பு உதிர்கிறது என்றால் மென்பூச்சு போய்விட்டது. ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஈயம், செம்பு, வெள்ளீய அளவுகள் கிடைக்கும். ஆனால் நிறமாலைச் சோதனை சில மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்களைச் சரியாகப் பிடிக்காது. அதனால் இரண்டையும் செய்யுங்கள். முடிவு தெரியும் வரை உயர் சுற்றுகளுக்குப் போகவே போகாதீர்கள்.

காகிதத்தில் செம்பு தெரிந்தால் சம்ப்பைக் கழற்றி, கீழேயிருந்தே ஒரு ராட் பேரிங்கைத் திறந்து பார்க்கலாம். ஆயிலைத் துடைத்துவிட்டு ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு போன்ற மெல்லிய இழையை வைத்து, மூடியைச் சொன்ன முறுக்கில் இறுக்கி, ஷாஃப்டைச் சுற்றாமல் மறுபடி கழற்ற வேண்டும். இழை நாடா போல நசுங்கிக் கிடக்கும். உறையில் அச்சிட்ட அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் நாடா அகலமாகப் பரவியிருக்கும். தேய்ந்திருந்தால் ஒல்லியாக, கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கும்.