மனையைச் சுத்தம் பண்ணும் முன் வேலியோரம் பாருங்கள்

வடசென்னையில் மாதவரம், புழல், மணலி பக்கம் புதிதாக மனை வாங்கியவர்கள் தோட்டம் போடக் கூப்பிடுவார்கள். நான் போவதற்குள் பெரும்பாலும் ஜேசிபி வந்து போயிருக்கும். "சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம் சார், என்ன மரம் வைக்கலாம்?" என்று கேட்பார்கள். மூலையில் தள்ளிய குப்பையைக் கிளறினால் தானாக முளைத்த வேப்பங்கன்றும் நுணா (மஞ்சணத்தி) கன்றும் கிடக்கும்.

இவை பறவைகளும் வௌவால்களும் போட்ட விதையிலிருந்து வந்தவை. காக்கையும் மைனாவும் உட்காருவது வேலியிலும் மின்கம்பியிலும்தான். அதனால் நடு மனையில் தேடாமல், கம்பிக்கு நேர்கீழே குனிந்து பாருங்கள். ஆனி, ஆடியில் விழுந்த வேப்பங்கொட்டை ஐப்பசி மழைக்குள் கன்றாகியிருக்கும். இலையோரம் ரம்பப்பல்லாக இருக்கும். கிள்ளி நாக்கில் வைத்தால் சந்தேகமே வராது. நுணாவுக்கு இலைகள் எதிரெதிரே, இளந்தண்டு சதுரம், வேரைச் சுரண்டினால் மஞ்சள். பனைதான் ஏமாற்றும். முதலில் ஒற்றை ஓலையை மட்டும் நீட்டி, கோரை மாதிரி நிற்கும். இழுத்தும் வராத புல் என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

தானாக முளைத்ததெல்லாம் நம்ம ஊர் மரம் இல்லை. முள்ளோடு வரும் சீமைக்கருவேலத்தையும், முள்ளில்லாமல் கும்பலாக முளைக்கும் சுபாபுல்லையும் சின்னதிலேயே வேரோடு எடுங்கள். வெட்டி விட்டால் மறுபடி துளிர்க்கும். மதில் விரிசலில் வரும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் அங்கே விடக்கூடாது. பெயர்த்துத் தொட்டியில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

இருந்த இடத்திலேயே முளைத்த கன்றுக்கு ஆணிவேர் நேராக இறங்கியிருக்கும். கருப்புக் கவரில் அதிக நாள் இருந்த நர்சரிக் கன்றின் வேர் அடியில் சுருண்டிருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி, குல்மோகர் மரங்களில் பலவற்றின் வேரைப் பார்த்தேன். தட்டு மாதிரி அகலம் இருந்தது, ஆழம் இல்லை.

வடசென்னையில் கன்றுகளுக்குப் பெரிய எமன் மண் நிரப்புவதுதான். மழைத்தண்ணீர் நிற்கிறது என்று 3 அடிக்குச் சவுடு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்குகிறார்கள். அடித்தண்டு புதைந்தால் வேம்பு மெல்லச் செத்துவிடும். கன்றைச் சுற்றி செங்கல் வளையம் கட்டி, உள்ளே பழைய தரைமட்டம் அப்படியே இருக்கட்டும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்காமல் வடிய வழியும் வேண்டும், வேம்புக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது. எண்ணூர் போல உப்புத்தண்ணீர் ஏறும் இடத்தில் புங்கனும் பூவரசும் தாக்குப்பிடிக்கும்.

பராமரிப்பு கொஞ்சம்தான். முதல் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு, ஆடு கடிக்காமல் முள்கூண்டு. புல் வெட்டும் மிஷின்காரர் கண்ணில் படும்படி ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். வேம்புக்கு மஞ்சள் துணி மட்டும் வேண்டாம். ஆடி வந்தால் யாராவது குங்குமம் வைத்துவிடுவார்கள், அப்புறம் ஒரு கிளையைக்கூடக் கழிக்க முடியாது!

வீடு வரப்போகும் இடத்திலேயே கன்று நின்றால், முழங்கால் உயரம் தாண்டுமுன் மழைக்காலத்தில் மண்கட்டியோடு பெயர்த்து ஓரத்தில் வையுங்கள். பனையை மட்டும் நகர்த்தப் பார்க்காதீர்கள். முடிந்தால் வீட்டுப் பிளானை இரண்டடி தள்ளிக்கொள்ளுங்கள்.