டரான்டுலா: சொல் வந்த வழியும் அதற்குரிய தமிழும்

உடலில் மயிரடர்ந்த பெரிய சிலந்தி எதைக் கண்டாலும் 'டரான்டுலா' என்று எழுதிவிடும் வழக்கம் செய்தித்தாள்களிலும் இயற்கை ஆர்வலர்களின் களக்குறிப்புகளிலும் பரவியிருக்கிறது. இச்சொல் முதலில் சுட்டிய உயிர் வேறு, உயிரியலாளர்கள் இன்று இதனால் சுட்டும் உயிர் வேறு. வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு நாம் இப்பெயரிட்டு அழைப்பதோ பெரும்பாலும் இவ்விரண்டிலும் சேராத மற்றொன்று. ஆகவே தமிழ்ச்சொல்லைத் தேடுமுன் இச்சொல் கடந்துவந்த வழியைப் பார்த்துவிட வேண்டும்.

இத்தாலியின் தெற்கே, புலியா வட்டாரத்தில் தாரந்தோ என்னும் பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அப்பகுதியின் வயல்களிலும் புல்வெளிகளிலும் வளை தோண்டி வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதை அறிவியல் பெயராகவும் பதிந்தார். இன்று அது லைகோசா டரான்டுலா. அறுவடைக் காலத்தில் இச்சிலந்தி கடித்தவர்களுக்குச் சோர்வும் பித்தும் பிடிக்கும் என்றும், இசைக்கலைஞர்களை வரவழைத்துக் கடிபட்டவரை நாள்கணக்கில் ஆடவைத்தால்தான் நஞ்சு இறங்கும் என்றும் அங்குள்ள உழவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். தரந்தெல்லா என்னும் நாட்டார் ஆட்டத்தின் பெயருக்கும் இதே ஊர்தான் வேர். உண்மையில் ஓநாய்ச் சிலந்தியின் கடி அவ்வளவு கடுமையானதன்று. கடுமையான கடி என்று ஒன்று நிகழ்ந்திருந்தால், அது அதே வயல்களில் வாழும், கரிய உடலில் செம்புள்ளிகள் கொண்ட மற்றொரு சிறிய சிலந்தியுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழியை ஏற்றது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சிலந்தி.

அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே உள்ளங்கையளவு சிலந்திகளைக் கண்டபோது, தங்களுக்குத் தெரிந்த அச்சமூட்டும் சிலந்தியின் பெயரையே அவற்றுக்கும் வைத்தார்கள். தெரபோசிடே என்று வகைப்படுத்தப்படும் அந்தக் குடும்பமே இன்று உலகெங்கும் டரான்டுலா எனப்படுகிறது. தென்னமெரிக்காவின் சூரினாமில் தங்கி வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியான், 1705இல் வெளியிட்ட ஓவியங்களுள் ஒன்றில் இவ்வகைச் சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு சிறு பறவையைப் பற்றியிருப்பதாகக் காட்டினார். 'பறவையுண்ணிச் சிலந்தி' என்ற மாற்றுப்பெயர் அதிலிருந்து கிளைத்தது. இதற்கிடையில் 1793இல் ஃபப்ரீசியஸ் என்னும் விலங்கியலாளர், சிலந்தியே அல்லாத, சாட்டைபோல் நீண்ட முன்கால்கள் கொண்ட வேறோர் எட்டுக்கால் உயிரின் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு) 'டரான்டுலா' என்று பெயரிட்டுக் குழப்பத்தைக் கூட்டினார்.

இரவில் டார்ச்சுடன் நடப்பவர்கள் ஓநாய்ச் சிலந்தியையும் தெரபோசிடே குடும்பச் சிலந்தியையும் எளிதில் பிரித்தறியலாம். விளக்கை நெற்றியருகே பிடித்துத் தரையைப் பார்த்தால் புல்லிடையே பச்சையாகவோ வெள்ளையாகவோ மின்னும் புள்ளிகள் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். அதன் பெண் முட்டைப்பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு திரியும், குஞ்சுகள் பொரித்தபின் அவற்றை முதுகில் சுமக்கும். தெரபோசிடே குடும்பத்தில் எட்டுக் கண்களும் தலையின் நடுவே சிறு மேட்டில் நெருங்கி அமைந்திருக்கும். நச்சுப் பற்கள் ஒன்றையொன்று நோக்கிக் கிடுக்கிபோல் மூடாமல், இரண்டும் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். சுவரில் தட்டையாக ஒட்டியிருந்து, ஆள் அரவம் கேட்டதும் நண்டுபோல் பக்கவாட்டில் விரையும் பழுப்புச் சிலந்தி இவ்விரண்டும் அன்று. அது கரப்பான் பூச்சிகளைத் தின்று வீட்டுக்கு நன்மையே செய்யும் வேட்டைச் சிலந்தி. டரான்டுலா என்று அஞ்சி மக்கள் அடித்துக் கொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணமும் அதுவே.

இனித் தமிழுக்கு வருவோம். சிலந்தி என்பதும், சங்கப் பாடல்களில் வரும் சிலம்பி என்பதும் பொதுப்பெயர்கள். பெரிய வகைக்கென்று தனிப்பெயர் இலங்கைத் தமிழில் வழங்குகிறது: புலிமுகச் சிலந்தி. சிங்களவர்களும் அதைச் சிறுத்தைச் சிலந்தி என்னும் பொருள்படத் 'திவி மக்குளுவா' என்கிறார்கள். இப்பெயர்கள் பொருந்துவது தெரபோசிடே குடும்பத்துக்குள் பொசிலோதெரியா என்னும் பேரினத்துக்கு. 'பலநிற விலங்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. இப்பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. முதிர்ந்த மரத்தின் பொந்திலோ உரிந்த பட்டைக்கு அடியிலோ பகல் முழுதும் ஒடுங்கியிருக்கும். சீண்டினால் முன்கால்களைத் தூக்கி நிற்கும். அப்போது, மேலிருந்து பார்க்கையில் சாம்பல் நிறமாய்த் தெரிந்த கால்களின் அடிப்புறத்தில் மஞ்சளும் கறுப்புமான பட்டைகள் பளிச்சென்று வெளிப்படும். புலி என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று அந்தக் கணத்தில் விளங்கும்.

இராமேசுவரம் தீவில் அனுமவிலாசம் கோயில் தோப்பின் பெயரால் 2004இல் விவரிக்கப்பட்ட பொசிலோதெரியா அனுமவிலாசுமிகா, 2008 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இலங்கையின் வடக்கே மாங்குளம் பகுதியில் கண்டறியப்பட்டு 2012இல் விவரிக்கப்பட்ட பொசிலோதெரியா ராஜாயி, கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம் வரும். இவை இரண்டுமே தமிழ் பேசும் மண்ணில் வாழ்பவை. இவற்றுக்கு இத்தாலிய ஊர்ப்பெயரைச் சூட்ட நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆனால் புலிமுகச் சிலந்தி என்பதைக் குடும்பம் முழுவதற்கும் நீட்டுவது சரியாகாது; மெக்சிகோப் பாலைநிலத்தில் வளையில் வாழும் கரிய சிலந்திக்குப் புலிவரி ஏது? குடும்பப் பெயராக 'மயிர்ச்சிலந்தி' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். தமிழகப் பேச்சில் மயிர் என்ற சொல் வசையாகிவிட்டதால் சிலர் தயங்கி 'உரோமச் சிலந்தி' என்று எழுதுகிறார்கள். கம்பளிப்பூச்சியை மயிர்க்கொட்டி என்றே அழைக்கும் இலங்கைத் தமிழருக்கு அத்தயக்கம் இல்லை. வள்ளுவரும் கவரிமாவைப் பற்றிச் சொல்லும்போது அச்சொல்லைத்தான் ஆண்டார். இப்பெயரைக் கொண்டு மயிர் பட்டாலே அரிக்கும் என்று எண்ண வேண்டியதில்லை: அரிக்கும் மயிரை உதிர்த்து எறிபவை அமெரிக்க இனங்கள் மட்டுமே. நம் புலிமுகச் சிலந்திக்கு அந்தக் காப்பு கிடையாது. அதன் கடியோ தசைகளை இழுத்துப் பிடித்து நாள்கணக்கில் வருத்தக்கூடியது என்பதால் பொந்துக்குள் கைவிடக் கூடாது.

களக்குறிப்பில் பேரினம் உறுதியானால் புலிமுகச் சிலந்தி என்றும், குடும்பம் மட்டுமே தெரிந்தால் மயிர்ச்சிலந்தி என்றும், தரையில் கண் மின்னினால் ஓநாய்ச் சிலந்தி என்றும் எழுதி, மரத்தின் பெயரையும் பொந்தின் உயரத்தையும் உடன் குறிக்கலாம். டரான்டுலா என்ற சொல்லைத் தாரந்தோவின் வயற்சிலந்திக்கு விட்டுவிடலாம்.