மனச்சிதைவுக்கு மருந்து தொடங்கும் நாளிலேயே இதயத்தையும் கவனிப்போம்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இதற்குத் தற்கொலைதான் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான இறப்புகள் உடல்நோய்களால் நேர்பவை. அவற்றில் முதலிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கு.

மனச்சிதைவுக்குச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், காதில் குரல் கேட்பது குறைந்து, இரவில் தூங்கி, வயிறார உண்ணத் தொடங்கும் மகனைப் பார்த்து, "பையன் கொஞ்சம் பூசினாற்போல் தேறிவிட்டான், டாக்டர்" என்று தாய்மார்கள் நிறைவோடு சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்த நிறைவு நியாயமானது. ஆனால் எடை மிக வேகமாக ஏறுவதும் அதே வாரங்களில்தான். குறிப்பாக ஓலன்சபின், குளோசபின் ஆகிய மருந்துகள் பசியைத் தூண்டுவதோடு, சர்க்கரையையும் ரத்தக் கொழுப்பையும் உயர்த்தக்கூடியவை. எதிலும் நாட்டமின்றி வீட்டுக்குள்ளேயே முடங்கியிருப்பதும், பீடி, சிகரெட் பழக்கமும் சேரும்போது, முப்பது வயதிலேயே இதயத்துக்குச் சுமை ஏறிவிடுகிறது.

ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவிட வேண்டும். எடையை 4, 8, 12ஆவது வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். மற்றவற்றை 12ஆவது வாரத்திலும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பார்க்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பளவைத் தாண்டினாலே கவனம் தேவை. தொடக்க எடையில் 5 விழுக்காடு கூடினால், அதாவது 60 கிலோ இருந்தவர் 63 கிலோவானால், மருந்தை மாற்றுவது பற்றியோ சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்ப்பது பற்றியோ மருத்துவரிடம் அப்போதே பேச வேண்டும். ஒருமுறை ஏறிய எடையைப் பின்னர் இறக்குவது மிகக் கடினம் என்பதால், இந்த முதல் மூன்று மாதங்களையே நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

ஹாலோபெரிடால் போன்ற சில மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தொடங்கும்போது ஈசிஜி எடுப்பது நல்லது. குளோசபின் எடுப்பவர்களுக்கு ரத்த அணுப் பரிசோதனை அவசியம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் இரு மாதங்களில் அரிதாக இதயத் தசை அழற்சி வரலாம் என்பது தெரிந்திருப்பதில்லை. அந்த நாட்களில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அங்கே இன்னொரு தடையும் இருக்கிறது, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. "நெஞ்சுக்குள் யாரோ கம்பியை இழுக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அதை மனநோயின் அறிகுறி என்று ஒதுக்கிவிடுவது எளிது; அது மாரடைப்பின் வலியாகவும் இருக்கலாம். உடன் செல்பவர்கள் தயங்காமல் ஈசிஜி எடுக்குமாறு கேட்க வேண்டும்.

இவற்றைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பின்லாந்தில் 66,881 நோயாளிகளைப் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், நெடுங்காலம் மருந்து எடுத்தவர்களைவிட மருந்தே எடுக்காதவர்களிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. புகைப்பதை விடுவது இதயத்துக்குப் பெரும் நன்மை. எனினும் குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் புகைப்பதைத் திடீரென விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு உயரும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், உள்ளறையில் இருக்கும் மகனையோ மகளையோ அழைத்து அவர்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மனநல மருத்துவரைப் பார்க்க வரும்போது மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.