அந்தப் பட்டியலை எழுதியது யார்?

போன வாரம் ஒரு சகோதரி தன் ஜெபக் குறிப்பேட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். நாலு மணிக்கு எழ வேண்டும். தினம் வேதாகமத்தில் பத்து அதிகாரம். வாரம் இரண்டு நாள் உபவாசம். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லக் கூடாது. கோபமே வரக் கூடாது. நாளுக்கு நாள் எதிரே சிவப்பு மையில் பெருக்கல் குறி. அழுத்திப் போட்டதில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. "ஒரு நாள்கூட முழுசா முடிக்கலக்கா. கர்த்தர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று கேட்டார்.

(அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"இதில் எதைக் கர்த்தர் உங்களிடம் கேட்டார்? விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, கோபம் பற்றிய வரியில் விரலை வைத்தார். சரி, எபேசியர் 4:26-ஐ எடுங்கள் என்றேன். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் அங்கே இருக்கிறது. கோபம் வரும் என்று தெரிந்தே பவுல் எழுதியிருக்கிறார். மற்ற வரிகளுக்கு அவரிடம் வசனமே இல்லை.

இப்படி வருகிறவர்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பலர் என்னிடம் வருமுன்னே வேறு யாரிடமோ போய், "சோர்வு விசுவாசக் குறைவு, இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே முதுகு வளைந்து நிற்பவர் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறீர்கள்.

1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். முந்தின அதிகாரத்தில்தான் எலியா தீர்க்கதரிசியின் ஜெபத்துக்குக் கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது. அதே எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கா விசுவாசம் குறைவு? தேவதூதன் வந்து கடிந்துகொண்டானா? தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான்; போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டது அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பின்புதான். இயேசுவும் நடந்த களைப்பில் சமாரியாவின் கிணற்றருகே உட்கார்ந்தார். புயலடித்த படகில் தலையணை வைத்துத் தூங்கினார்.

அதனால்தான் என் முதல் கேள்வி எப்போதும், "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" ஜெபத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பிறர் தோளில் பாரமான சுமைகளைக் கட்டி ஏற்றுகிறவர்களை மத்தேயு 23-இல் இயேசு கடுமையாகச் சாடுகிறார். நம்மில் பலர் அதே சுமையை நாமே கட்டி, நம் தோளிலேயே ஏற்றி, அதற்குத் தேவ சித்தம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்" என்று அவர் கூப்பிட்டது பட்டியலை முடித்தவர்களை மட்டுமா?

செய்ய வேண்டியவை அதிகமில்லை. பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதை யார் கேட்டார்?" என்று எழுதுங்கள். "நான்" என்று பதில் வருகிற வரிகளில் ஒன்றை இந்த வாரமே அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடிக்கப் போகாதீர்கள். அதுவும் இன்னொரு இலக்காகிவிடும். சபைப் பொறுப்பில் ஒன்றையாவது மற்றவரிடம் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்த அடையை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

அந்தச் சகோதரி நேற்று வந்தார். நாலு மணி என்ற வரியை அடித்திருந்தார். ஆறரைக்கு எழுந்தாராம்.