போக வர மூன்று நிமிட நஷ்டம்

வாசகர் ஒருவரின் கேள்வி: “இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 400 கிலோமீட்டர்தான். விமானமோ மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிறது. அரை மணியில் போய்விட வேண்டாமா? டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். திரும்பி வர இன்னும் 5 நிமிடம் கூட. ஏன்?”

முதல் பாதி சுலபம். இணையம் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களையும் இணைத்து இறுக்கிப் பிடித்த நூலின் நீளம். விமானம் அந்த நூலின் மேல் போவதில்லை. ஓடுபாதை இருக்கும் திசையில் கிளம்பி, கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில் போய், இறங்கும் இடத்திலும் வளைந்து வருகிறது. தரையில் ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேர்த்தி. அப்புறம், 800 என்பது உச்சி உயரத்து வேகம். 30,000 அடியிலிருந்து வழக்கமான சரிவில் இறங்கவே சுமார் 170 கிலோமீட்டர் வேண்டும். ஏறுவதற்கு ஆகும் தூரத்தையும் கழித்தால், அந்த வேகத்தில் பறக்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. “பூமி சுழல்வதால் ஒரு பக்கம் சீக்கிரம் போகலாம்” என்று படித்தவர்களே அடித்துச் சொல்வார்கள். ஓடும் ரயிலுக்குள் குதித்துப் பாருங்கள், குதித்த இடத்திலேயே விழுவீர்கள். பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானமும் சுழல்கிறது. நேரத்தைக் கூட்டிக் குறைப்பது வீசும் காற்று.

சரி, போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சரிக்குச் சரி என்றுதானே தோன்றுகிறது? ஆகாது. 600 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகமும் 600 என்று வைப்போம். காற்றில்லாவிட்டால் போக வர 120 நிமிடம். இப்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று: 700 வேகத்தில் 51.4 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிரே: 500 வேகத்தில் 72 நிமிடம். கூட்டினால் 123.4! மிச்சம் பிடித்தது 8.6, இழந்தது 12. காரணம் எளிது: உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம், தடுக்கும் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம்.

பக்கவாட்டில் வீசினால் பாதிப்பில்லை என்று நினைக்கிறீர்களா? அதுவும் வசூலித்துவிடும். காற்று தள்ளும் பக்கத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பித்தான் நேர்கோட்டில் போக முடியும். முன்னோக்கிய வேகம் 592-க்கு இறங்கும். இரண்டு வழிக்கும் சேர்த்து 121.7 நிமிடம். சீராக வீசும் காற்று எந்தத் திசையில் வந்தாலும் போக வரக் கணக்கில் நமக்கு நஷ்டமே. ஆனால் நேர்காற்றைவிடப் பக்கக்காற்றில் நஷ்டம் பாதிதான்.

விமானமே இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை வைத்து ஒருவர் பிரபஞ்சத்தைச் சோதித்தார். ஒளி பயணம் செய்ய ஈதர் என்ற ஊடகம் வேண்டும் என நம்பிய காலம் அது. பூமி அதனூடே நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் ‘ஈதர் காற்று’ வீச வேண்டுமே! 1881-இல் இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கெல்சன் ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பாதைகளில் அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை ஒப்பிட்டார். பணம் கொடுத்தவர் தொலைபேசி புகழ் கிரஹாம் பெல். இப்படியொரு விண்ணப்பம் இன்று வந்தால் “இதனால் என்ன பயன்?” என்ற கட்டத்திலேயே தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

அந்த முதல் முறையில் மைக்கெல்சனும் ஒன்றைத் தவறவிட்டார்: பக்கக்காற்றின் நஷ்டம். அதனால் எதிர்பார்த்த வித்தியாசம் உண்மைக் கணக்கைப் போல இரு மடங்கானது. பிறர் சுட்டிக்காட்டிய பின், 1887-இல் எட்வர்ட் மோர்லியுடன் சேர்ந்து, பாதையை நீட்டித் திருத்தமாக மறுபடி அளந்தார். கணக்கு இம்முறை சரி. காற்றைத்தான் காணோம்.