எச்.பி.க்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கும்பகோணத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும், "அண்ணே, இது எத்தனை எச்.பி.?" என்றுதான் கேட்பார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி வண்டி எடுத்துவிட்டு, அப்புறம் "பிக்கப்பே இல்லைண்ணே" என்று வந்து நிற்பவர்களும் உண்டு.

சோதனைக்கூடத்தில் எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டி ஓடவிட்டு, சுழலும் தண்டுக்குச் சுமை கொடுப்பார்கள். அதை மீறி எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது என்பதுதான் டார்க்; நியூட்டன் மீட்டரில் (என்.எம்.) சொல்வார்கள். அளப்பது இதையும் ஆர்பிஎம்மையும்தான் (ஆர்பிஎம் என்பது தண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு). பவர் கணக்குப் போட்டு வருவது. இரண்டையும் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36ஆல் பெருக்கினால் பி.எஸ்., அதாவது மெட்ரிக் கணக்கு எச்.பி.

ஒரு பெட்ரோல் காரில் 6000 ஆர்பிஎம்மில் 83 பி.எஸ்., 4000த்தில் 115 என்.எம். டர்போ டீசலில் 4000த்தில் 75 பி.எஸ்., 2000த்தில் 190 என்.எம். காகிதத்தில் பெட்ரோல்தான் பெரியது. ஆனால் ஆற்றங்கரைச் சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் 2000 ஆர்பிஎம்மில் போகிறீர்கள், எதிரே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் டீசலிடம் சுமார் 54 பி.எஸ். இருக்கும். பெட்ரோல் தன் 115 என்.எம்.மையும் முழுசாகக் கொடுத்தால்கூட 33தான். கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றினால் பெட்ரோலும் பாயும், அதில் குறை சொல்ல முடியாது. நம்மில் பலர் கியரைக் குறைப்பதில்லை, அவ்வளவுதான். டீசலிலும் டர்போ விழிப்பதற்கு முன், 1500க்குக் கீழே மிதித்தால் சோம்பல்தான்.

அதனால் பவர், டார்க் இரண்டுக்கும் பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் ஆர்பிஎம்மைப் பாருங்கள். டார்க் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே கிடைத்தால் ஊர்ச் சாலையில் ஓட்டச் சுகம்.

அலகையும் கவனியுங்கள். 100 பி.எஸ். என்பது 98.6 பி.எச்.பி. (பிரிட்டிஷ் கணக்கு எச்.பி.); வித்தியாசம் சிறிது, அதற்காகச் சண்டை போட வேண்டாம். சக்கரத்தை உருளையில் ஓட்டி அளந்தால் எண் இன்னும் குறையும். கியர்பாக்ஸும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

டிராக்டர் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். சேற்றுழவுக்கு ரோட்டவேட்டர் மாட்டப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் எச்.பி.யோடு நிறுத்தாமல் பி.டி.ஓ. (கருவியை ஓட்டும் பின்பக்கத் தண்டு) எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது அதுதான்.