களிக்கு ஊற்றும் தண்ணீர்

இந்த வாரத்தில் மட்டும் நாலாவது பிள்ளை. பாலக்கோடு பக்கம், வயது பதினொன்று. வாயைத் திறடா என்றால் கையால் பொத்திக்கொள்கிறான். முன்பற்களில் பழுப்புக் கறை, ஓரங்களில் சுண்ணாம்பு அப்பினாற்போல் வெள்ளைத் திட்டு. பள்ளிக்கூடத்தில் கிண்டல் தாங்காமல் செங்கல் தூள் போட்டுத் தேய்த்திருக்கிறான். கறை அப்படியே இருக்கிறது, எனாமல் தேய்ந்து பல் கூசுகிறது.

"போர் தண்ணிதான் டாக்டரம்மா. ஆனா பச்சத் தண்ணி குடுக்கறதே இல்ல, கொதிக்கக் காச்சித்தான் குடுக்கறேன்" என்றார் அம்மா.

தர்மபுரியில் பல் பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர்கள் வீட்டிலும் இதே பதில்தான். காய்ச்சினால் கிருமி சாகும், சரி. ஆனால் இந்தக் கறைக்குக் காரணம் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு. அது கிருமியா? அது உப்பு. ரசம் சுண்டினால் ஏன் கரிக்கிறது? தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு அடியில் தங்குகிறது. இதுவும் அதேதான். சோடியம் ஃப்ளோரைடு உருகுவதற்கே 990 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பானைத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள 5 லிட்டரைக் காய்ச்சிக் காய்ச்சி 4 லிட்டராக்கினால், ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் ஆகிவிடும். அக்கறையாகக் காய்ச்சி, கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்! துணியில் வடிகட்டுவதும், செம்புக் குடத்தில் வைப்பதும், கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. உதவும், ஒழுங்காகப் பராமரித்தால்.

நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் ருசியும் தெரியாது. "எங்க போர் தண்ணி தேனாட்டம் இருக்கும்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பாறையிலிருந்து கரைந்து வருவதை நாக்கு கண்டுபிடிக்காது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் அந்த போர் துணி துவைக்க, மாடு கழுவ.

இதைச் சொன்னால் அடுத்த வாரமே இன்னொரு கூத்து: வீட்டிலிருக்கும் ஃப்ளோரைடு பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். வேண்டாம் சாமி! பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேல் பட்டுத் துப்பப்படுவது. சொத்தையைத் தடுப்பதற்காக நானே 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷைப் பல்லில் தடவுகிறேன். விழுங்குவதுதான் வம்பு. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, பெரியவர்கள் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது கம்பெனிக்கு லாபம்.

குழந்தை டியூபை நிறையத் தின்றுவிட்டால் பால் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாலிலுள்ள கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்து, எளிதில் கரையாத கால்சியம் ஃப்ளோரைடாக்கும். பூச்சி மருந்தாகவோ ஆய்வகத்துக்காகவோ சோடியம் ஃப்ளோரைடுத் தூள் வைத்திருப்பவர்கள் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். 1942இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநில மருத்துவமனையில் கரப்பான் பூச்சிக்கு வைத்திருந்த இந்த வெள்ளைத் தூளைப் பால் பவுடர் என்று நினைத்து முட்டையில் கலந்துவிட்டார்கள். 47 பேர் செத்துப்போனார்கள்.

பல்லில் ஏறிய கறையைச் சுத்தம் செய்து எடுக்க முடியாது, அது மேலே படிந்த அழுக்கல்ல. எனாமல் உருவாகும்போதே, பெரும்பாலும் எட்டு வயதுக்குள், உள்ளே அமைந்துபோனது. வளர்ந்த பிறகு மேல்பூச்சு போட்டு மறைக்கலாம், செலவாகும். அதனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத்தான் என் கெஞ்சல். பெரியவர்களுக்கோ இந்தத் தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் கழுத்தும் முதுகும் இறுகும். வயசாச்சு என்று விட்டுவிடுகிறார்கள்.

2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் வருகிறது. அந்த அம்மாவின் தெருக் குழாயிலும் வருகிறதாம். "அது குடிக்கன்னு ஒரு குடம் புடிச்சு வச்சுக்குவோம். மத்தபடி சமையலுக்கெல்லாம் போர்தான்."

சோறு வடிக்க, குழம்பு வைக்க, களி கிண்ட. உலையில் ஊற்றும் தண்ணீரை களி மொத்தமாக உறிஞ்சிக்கொள்ளும், வடிக்கிற வேலையே இல்லை. பிள்ளை தினம் இரண்டு வேளை களி தின்கிறான்.

"களிக்கும் அந்தக் குழாய்த் தண்ணியேதான் ஊத்தணுமா?"

"களிக்குத்தாம்மா முதல்ல ஊத்தணும்."

விரலை மடக்கி எண்ணினார். "அப்ப இன்னும் ரெண்டு குடம் வரிசையில வைக்கணும்."

இடுப்பில் அடுத்த பிள்ளை. ஒன்றரை வயசு.